அம்பாறை சமாதானக் குழுவுக்கு உதவி: ஞாயிறு கூட்டம்
உறவுகளே, வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் வழக்கமான மண்டபத்தில் கூடுகிறோம்.

அம்பாறையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் தாமே நடத்தும் குழு கேட்பது பயிற்சிப் பட்டறை அல்ல (அது அலுத்துவிட்டது). பஸ் கட்டணமும், தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரும்தான். 2018இல் அங்கே முஸ்லிம் உணவுக்கடை ஒன்றின் கறியில் கிடந்த மாவுக்கட்டியை, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று வதந்தி பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனவிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை மூண்டது. அத்தகைய வதந்தி கிளம்பியதும் அடுத்த தெருவில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதே இந்தக் குழுப் பெண்களின் முதல் வேலை.

கொழும்பிலிருந்து நாம் நிகழ்ச்சி நிரல் எழுதி அனுப்ப வேண்டாம். அவர்கள் சொல்வதைக் கேட்போம். பணம் தருவோர் பொருளாளரிடம் மறக்காமல் பற்றுச்சீட்டு பெறவும். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே தெரிவிக்கவும்.