கூண்டோடு ஒரு தீனிச் சீட்டு

ஆசிரியருக்கு,

பேத்தியின் அடம் தாங்காமல் போன கார்த்திகையில் ஒரு கினி பிக் (எலி இனத்துச் சிறு செல்லப்பிராணி) வாங்கினோம். "அரிசியும் பொட்டுக்கடலையும் போதும் பாட்டி" என்றார் கடைக்காரர். இரண்டே மாதத்தில் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. எங்கோ விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, வைட்டமின் சி குறைபாடு என்றார். நம்மைப் போலவே அதன் உடலும் அதைத் தானாகத் தயாரிக்காதாம். இப்போது வயிறார அறுகம்புல், குடைமிளகாய், ஒரு துண்டு கொய்யா. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தாலே விசில் அடிக்கிறது!

2018-இல் வந்த விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சரி, அப்படிப் பதிவு செய்யும்போதே, கூண்டோடு தமிழில் ஒரு தீனிச் சீட்டும் கொடுக்கச் சொல்லக் கூடாதா?

– ஒரு வாசகி, திருச்சி