ஞாயிறு கூடல்: உலக உடைப் பொம்மைகள்

வணக்கம் உறவுகளே. வரும் ஞாயிறு பிற்பகல் 4 மணிக்குக் கல்லடியில், வழமையான வீட்டில் கூடுகிறோம். இம்முறை, 1980இல் இத்தாலி, பாரிஸ், இங்கிலாந்து உடைகளோடு தொடங்கிய பார்பி பொம்மைகளின் உலக வரிசை (Dolls of the World). பெட்டி கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். பெட்டியையே பூசிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வேண்டுகோள்: பொம்மைகளின் உலோகத் தோடுகளை இன்றே கழற்றிவிடுங்கள். என் ஸ்கொட்லாந்துக்காரிக்குக் காதைச் சுற்றிப் பாசி பிடித்ததுபோல் பச்சை ஊறிவிட்டது; வாவிக் காற்றின் ஈரம் வேறு. நப்தலின் உருண்டையும் பெட்டிக்குள் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும்.

பொம்மைகளுக்குச் சேலை தைக்க மருதமுனைக் கைத்தறித் துண்டுகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். 11.5 அங்குல உயரத்துக்கு அகலக் கரை சரிவராது. ஒடுங்கிய கரைதான் கொய்யகத்தில் நிற்கும். ஊசிநூல் உங்களுடையது. வருபவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள், தேநீருக்குப் பால் வாங்க வேண்டும்.