பணத்துக்காக சிகரெட்டை விட்டால் என்ன தப்பு?

அன்புள்ள கணக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் வேலை மாறிவிட்டாள். சின்னவன் மாறவே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து எங்களுக்கும் ஒப்பிக்கிறாள். நலம் விசாரிப்பு இத்தோடு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

நெட்டையன் போன் பண்ணினான். நீ தம் அடிப்பதை விட்டுவிட்டாயாம். காரணத்தைச் சொல்வதற்குள் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நெஞ்சுவலி வந்து விட்டவனைப் பார்த்திருக்கேன், பெண்டாட்டி அழுது விட்டவனைப் பார்த்திருக்கேன். இவன் ஒரு வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்துட்டு விட்டானாம்டா!" உன் தம்பி வேறு எல்லோர் முன்னாடியும் "உயிரைவிடக் காசு பெரிசாப் போச்சா?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு நீ வாயையே திறக்கவில்லையாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கு என்றே பேர் வாங்கி, ஹாஸ்டல் மெஸ் பில்லில் ஒரு முட்டைக்காக வார்டனிடம் ஒரு மணி நேரம் வாதாடியவன், இதில் ஏன்டா வாயடைத்துப் போனாய்?

பணத்துக்காக விடுவதில் ஒரு கேவலமும் இல்லை. உடம்புக்கு வரும் கெடுதல் எப்போதோ வரும், யாருக்கோ வரும் என்றுதான் மனசு சொல்லும். பாக்கெட்டின் மேல் எத்தனை பயங்கரமான படம் போட்டாலும், இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பையிலிருந்து போகிற பணம் அப்படியா? இன்றைக்கே போகிறது, நம் கண் முன்னால் போகிறது. உலகம் முழுக்க அரசாங்கங்கள் சிகரெட்டுக்கு வரியை ஏற்றுவது வேறு எதற்கு? விலை 10 சதவீதம் ஏறினால், பணக்கார நாடுகளில் புகைப்பது சுமார் 4 சதவீதம் குறைகிறது, மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதம். இளவட்டங்களும் கையில் காசு குறைவாக இருப்பவர்களும்தான் அதிகம் விடுகிறார்கள். அவர்களெல்லாம் உயிரைவிடக் காசைப் பெரிதாக நினைத்தவர்களா? காசைப் பார்த்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். உன் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டு.

என் கதையையும் இப்போது சொல்லிவிடுகிறேன். டாக்டர் மிரட்டித்தான் நான் விட்டேன் என்று நீங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னது உண்மை. ஆனால் என்னை நிறுத்தியது பெரியவளின் காலேஜ் ஃபீஸ். தம் அடிக்கும் வேளை வந்தால் வழக்கம்போலக் கடை வாசலுக்கே போவேன். போனை எடுப்பேன். கடைக்காரருக்கு அனுப்ப வேண்டிய தொகையை என்னுடைய இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்புவேன். அதே இடம், அதே விரல், அதே தொகை, ஆள் மட்டும் வேறு. பணம் சேர்ந்ததாக மெசேஜ் வந்து விழும் அந்த 'டிங்' சத்தத்துக்கு நாளாக ஆக மனசு ஏங்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கணக்குக்குப் பெரியவளின் பேரையே வைத்திருந்தேன். அவளுடைய கடைசி வருஷ ஃபீஸ் முழுக்க அதிலிருந்துதான் போனது. அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் உளறி வைக்காதே.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இத்தனை பக்கமும். தம்மை விட்டால் பணம் மிச்சம் ஆகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தானாக ஆகாதுடா. புகைக்காத பணம் பர்ஸிலேயே கிடந்தால் வேறு எதிலாவது கரைந்துவிடும். மாசக் கடைசியில் பார்த்தால் கையில் எப்போதும் இருப்பதுதான் இருக்கும். நெட்டையனுக்கு நடந்தது அதுதான். அவனும் ஒரு தடவை மாசக்கணக்கில் விட்டிருந்தான், ஞாபகம் இருக்கா? "எங்கேடா மிச்சம்? பைசா காணோம். இதுக்காடா இந்தப் பாடு?" என்று கேட்டபடியேதான் மறுபடி பத்த வைத்தான். அவன் விட்டது நிஜம், மிச்சம் பிடித்ததும் நிஜம். ஆனால் அந்தப் பணம் அவன் கண்ணில் படவே இல்லை. கண்ணில் படாத மிச்சத்தை நம்பி யாராலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியாது. அதனால் எந்த வேளைக்குப் புகைக்கவில்லையோ அந்த வேளையிலேயே பணத்தைத் தனியாக எடுத்துவிடு. மாசம் முடிந்து கணக்குப் பார்த்து மொத்தமாகப் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. உனக்கு அந்தப் புத்தி வரும், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தனித்தனியாக எடுத்து வைத்தால்தான் புரியும். ஒரு சிகரெட் எப்போதுமே மலிவுதான். "இந்த ஒண்ணுதானே" என்கிற பேச்சுக்கு எந்த நாளிலும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒன்றின் விலை யாரையும் ஏழையாக்காது. கூட்டிப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. நாளைக்கு 20 என்று வை, வருஷத்துக்கு 7,300. பத்து வருஷத்துக்கு 73,000. ஒன்றுக்கு 5 நிமிஷம் என்றால் வருஷத்தில் முழுசாக 25 நாள், ராப்பகலாக, இடைவிடாமல் நின்று புகைத்த மாதிரி. நீ இதை எனக்கு முன்னாடியே போட்டுப் பார்த்திருப்பாய்.

உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சங்கதி. பிலிப்பைன்ஸில், மிண்டனாவோ தீவில், ஒரு வங்கி மூலமாக மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். 2010-ல் கட்டுரையாக வந்தது. புகைப்பவர்களிடம் போய், "எங்களிடம் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள், சிகரெட்டுக்குச் செலவழிக்கிற பணத்தை 6 மாசம் இதில் போடுங்கள். முடிவில் சிறுநீர் டெஸ்ட் எடுப்போம். நிகோடின் தடயம் இல்லையென்றால் பணம் உங்களுக்கு, இருந்தால் மொத்தமும் தர்மத்துக்கு" என்றார்கள். வட்டியோ பரிசோ தருவதாகச் சொல்லவில்லை. சொந்தப் பணத்தையே பணயம் வைக்கிற விளையாட்டு. கேட்டவர்களில் 11 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இப்படிக் கேட்கப்படாத கூட்டத்தோடு ஒப்பிட்டால், இந்தக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்கப்பட்ட மொத்தக் கூட்டத்திலும் டெஸ்டில் தேறியவர்கள் 100-க்கு 3 பேர் அதிகம். கணக்கே ஆரம்பிக்காதவர்களையும் சேர்த்துத்தான் இந்த 3 என்பதை மறக்காதே. 12-வது மாசம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். அப்போது பணம் எதுவும் பணயத்தில் இல்லை. ஆனாலும் அந்த வித்தியாசம் அப்படியே நின்றது.

அமெரிக்காவிலும் 2015-ல் இதேபோல ஒரு ஆய்வு வந்தது. வெறும் பரிசு தருகிறோம் என்றால் 90 சதவீதம் பேர் சரி என்றார்கள். முதலில் 150 டாலர் சொந்தப் பணம் கட்டு, விட்டால் அதையும் சேர்த்துத் திருப்பித் தருகிறோம் என்றதும் 14 சதவீதம் பேர்தான் வந்தார்கள். பரிசு என்றால் ஆள் நிறைய வருவான். சொந்தப் பணத்தைக் கட்டத் துணிந்த சிலருக்கோ அந்தப் பணயம்தான் அதிகம் உதவியது. நீ அந்தச் சிலரில் ஒருத்தன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சொந்தப் பணத்தைத் தொலைக்க உன்னைப்போல் வெறுக்கிறவனை நான் கண்டதில்லை.

பாதியாகக் குறைத்தால் பாதி மிச்சம், பாதி ஆபத்து என்று யாராவது யோசனை சொல்வார்கள். பணத்துக்கு அந்தக் கணக்கு சரி. உடம்புக்குச் சரிவராது. நாளைக்கு ஒன்றே ஒன்று புகைக்கிற ஆணுக்கும்கூட, 20 புகைக்கிறவனுக்கு வருகிற கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த முதல் ஒன்றுதான் இருப்பதிலேயே விலை கூடியது. போதாததற்கு, எண்ணிக்கையைக் குறைத்தவன் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசிவரை இழுப்பான். அதனால் ஒன்றையும் மிச்சம் வைக்காதே.

செலவுப் பக்கத்தையும் எழுதிக்கொள், பிறகு என்னை ஏமாற்றிவிட்டாய் என்று சொல்லக் கூடாது. தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் எல்லாம் காசுதான். அவை விடுகிறவனின் வெற்றி வாய்ப்பை 50-லிருந்து 60 சதவீதம்வரை கூட்டுகின்றன. பட்டையோடு சூயிங்கமும் சேர்ந்தால் இன்னும் மேல். டாக்டரைக் கேட்டு வாங்கு, இதில் கஞ்சத்தனம் பண்ணாதே. முதல் இரண்டு மூன்று மாசம் மிச்சத்தில் ஒரு பங்கு இதற்குப் போகும், போகட்டும். எடையும் ஏறும். ஒரு வருஷத்தில் சராசரியாக 4 அல்லது 5 கிலோ. ஆகவே புது பேன்ட் செலவு ஒன்று. காபியைக் குறை. சிகரெட் புகை ஈரலைத் தூண்டிவிட்டு காஃபினை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் அதே காபி ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தம் இல்லாததால்தான் என்று நினைத்து மறுபடி பத்த வைத்தவர்கள் நிறையப் பேர். முதல் வாரம் எரிச்சலில் வீட்டில் யார் மேலாவது விழுவாய், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை. நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்தச் சில நிமிஷத்தில் பணத்தை அனுப்பிவிடு.

இனி சொல்வதைச் சிரிக்காமல் கேள். பிரிட்டனில் 1951-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டாக்டர்களையே பிடித்து, யார் புகைக்கிறார் யார் புகைக்கவில்லை என்று கேட்டு எழுதி வைத்தார்கள். 50 வருஷம் தொடர்ந்து பார்த்த முடிவு 2004-ல் வந்தது. கடைசிவரை விடாதவர்கள் சராசரியாக 10 வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருஷம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6. 40-ல் விட்டவர்களுக்கு 9. நாம் இருவரும் 50-ன் வாசலில் நிற்கிறோம். உன் அப்பா போன வயதை நீயும் நானும் மறக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் சொன்னதையும் நான் மறக்கவில்லை.

அதனால் உன் கணக்கில் இன்னொரு பத்தியையும் சேர்த்துக்கொள். அந்த 6 வருஷமும் வேலை ஓய்ந்த பிறகு வருகிற வருஷம், சம்பளம் இல்லாத வருஷம். அதற்குச் சோறும் மருந்தும் எங்கிருந்து வரும்? இப்போது நீ ஒதுக்குகிற இந்தப் பணத்திலிருந்து வரட்டும். வருஷத்துக்கு 7.2 சதவீத வட்டி கிடைக்கிற இடத்தில் போட்டுத் தொடாமல் இருந்தால் பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும். எத்தனையோ பேர் வயசைச் சேர்த்து வைத்துவிட்டுப் பணம் இல்லாமல் தவிக்கிறார்கள், பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு வயசு இல்லாமல் போகிறார்கள். உனக்கு இரண்டும் ஒரே காரியத்தில் கிடைக்கிறது. உன் தம்பி உயிரையும் காசையும் எதிரெதிரே வைத்துப் பேசியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஒரு ஏற்பாடு. மிண்டனாவோ வங்கியாக நான் இருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் தம் பணத்தை எனக்கு அனுப்பு. 6 மாசம் கழித்து டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டைக் காட்டு. சுத்தமாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பித் தருகிறேன், என் பங்காக ஒரு மாசத் தொகையும் சேர்த்து. இல்லையென்றால் அது தர்மத்துக்குக்கூடப் போகாது. ஹாஸ்டலில் உன் சைக்கிளை விற்றுத் தின்றானே, நேராக அவன் கணக்குக்கு அனுப்புவேன். நம்பர் என்னிடம் இருக்கிறது.

பெண்டாட்டியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல். முதல் தேதிக்குள் பதில் போடு, உன் ஒரு நாள் கணக்கு எவ்வளவு என்பதையும் அதில் எழுது. உண்மையான எண்ணிக்கை வேண்டும், வீட்டில் சொல்கிற எண்ணிக்கை வேண்டாம்.

அன்புடன்,
உன் ரூம்மேட்