சுரண்டி எடுக்கும் பழைய தார்க்கலவையை மறுபடி பயன்படுத்தி, பழைய மட்டத்திலேயே சாலை போடக் கோரி மனு

அனுப்புநர்:
தெருவாசிகள் (கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவுக்குப் புதிய தார்ச்சாலை போட டெண்டர் விடப் போவதாக அறிந்தோம். மகிழ்ச்சிதான், கூடவே பயமும் இருக்கிறது. 1984-இல், இந்த மனுவை எழுதும் எங்களில் ஒருவரின் அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். இன்று கேட்டைத் திறந்தால் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது, ரோடுதான் வளர்ந்துவிட்டது. மழைத்தண்ணீருக்குப் பயந்து வாசலில் செங்கல் வைத்துப் பூசாத வீடு இங்கே இல்லை. போன மாதம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்: தார் மட்டும் 11 அங்குலம், பரோட்டா மாதிரி ஆறு அடுக்கு.

பழைய சாலையைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார். பக்கத்துத் தெருவில் சுரண்டவும் செய்தார்கள். எப்படி? மேலாக அரை அங்குலம் வரிவரியாகக் கீறிவிட்டு, அதன்மேல் இரண்டு அங்குலம் போட்டார்கள். கீறியதை லாரியில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டிவிட்டார்கள்.

அது குப்பை இல்லை ஐயா. தார்க்கலவையின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் ஜல்லியும் கல்தூளும்தான். அதற்கு வயதாவதில்லை. வெயிலிலும் காற்றிலும் இறுகி நொறுங்கிப்போவது மீதமுள்ள தார்தான். புதுத் தாரோ அதை இளக்கும் எண்ணெயோ அளவாகச் சேர்த்தால் அதுவும் மறுபடி ஒட்டும். சுரண்டியதை ஆலையில் புது ஜல்லியோடு சூடாகக் கலக்கலாம். இல்லையென்றால் தார் எமல்ஷனும் (தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்) கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து, சூடேற்றாமலே அடித்தளமாகப் போடலாம். இதற்கென்றே, சாலைப் பணிக்கான தர வழிகாட்டிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 2015-இல் ஐ.ஆர்.சி. 120 என்ற வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. நாமோ வரிப்பணத்தில் வாங்கிய ஜல்லியை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு, இன்னொரு மலையை உடைத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எடுத்ததெல்லாம் உதவும் என்று சொல்லவில்லை. மண் கலந்த பகுதி ஆகாது. அதை ஆய்வகத்தில் சோதித்துப் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். நாங்கள் கேட்பது, எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும், எடுத்த கலவை எங்கே போக வேண்டும் என்ற இரண்டும் டெண்டரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான். கலவையை எடை போட்டு மாநகராட்சி இடத்தில் இறக்கிய ரசீது இல்லாமல் பில் பாஸ் செய்யக் கூடாது. வேலைக்கு முன்பே சுவர்களில் மட்டக்குறி போட்டு, முடிந்ததும் எங்கள் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும். பாதாள சாக்கடை மூடிகளையும் அந்த மட்டத்துக்கே இறக்க வேண்டும். அப்புறம், பாக்கியிருக்கும் குழாய் வேலையைத் தார் போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புதுரோட்டை மறுவாரமே வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இந்த முறையை முதலில் எங்கள் தெருவிலேயே செய்து பார்க்கலாம். வேலை நடக்கும் நாட்களில் வண்டிகளை வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ள எல்லா வீட்டாரும் சம்மதித்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள்

இணைப்பு: பள்ளத்தில் அளந்த புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.