ஒரு விகுதியைப் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கான புரூஃப் நேற்று மாலை அச்சகத்திலிருந்து வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், இரவு பதினொன்றரை மணி வரை ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் எழுந்துவிட்டேன். என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை நீ எடுப்பதில்லை. ஆனால் இந்த வலைப்பக்கத்தை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று அத்தான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். ஆகவே நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. அதுவும் நியாயம்தான். அன்று நான் செய்ததும் ஐந்நூறு பிரதி அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்த காரியம்தானே.

நாம் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது 2022 நவம்பரில் லக்சரில் நாம் இருவரும் சுற்றிய அந்த ஒரு நாளைப் பற்றி. அந்தப் பயணத்தின் செலவு முழுவதும் உன்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி, ஒரு கார், நைலின் இரு கரைகளும் ஒரே நாளில் என்று எல்லாவற்றையும் நீதான் துபாயிலிருந்தே ஏற்பாடு செய்திருந்தாய். "அக்கா காசில் எகிப்து போய் வந்தாள்" என்று பேசியவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் பேசியது உண்மைதான்.

விடியற்காலையில் மோட்டார் படகில் மேற்குக் கரைக்குக் கடந்ததையும், மலைக்கு மேலே வெப்பக் காற்றுப் பலூன்கள் எழுந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்கு உள்ளே வழிகாட்டிகள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது என்பதால், அவர் வெளியே நிழலில் நிறுத்திப் படங்களைக் காட்டிச் சொன்னார். பிறகு நாம் மட்டும் இறங்கினோம். ஆறாம் ராம்செஸின் கல்லறையில் உன் முழங்கால் வலியால் மரக் கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு எட்டாக வைத்து வந்தாய். கடைசி அறையின் விதானத்தில், மாலையில் சூரியனை விழுங்கி, விடியலில் அதையே ஈன்றெடுக்கும் நூத் என்னும் வான தேவி நீண்டு கிடந்தாள். நீ அண்ணாந்து பார்த்து, "ஒவ்வொரு நாளும் பிரசவம், பாவம்" என்றாய். முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை செய்தவள் வேறு என்ன சொல்வாய்!

அந்தக் கல்லறைச் சுவர்களில் பழங்காலக் கிரேக்க, ரோமானியப் பயணிகள் ஆயிரம் பேரளவில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, "நம் ஊர்க் கோட்டைச் சுவர் மாதிரிதான்" என்று நாம் சிரித்தோம். அந்தக் காலத்தில் நம்மவர்களும் அந்த நாட்டுக்கு வந்து போனவர்கள்தாம். செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் இருக்கிறது. பானை ஓட்டில் எழுதிய பெயருக்கும் அவ்வளவு ஆயுள். துட்டன்காமூனின் கல்லறையில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பையனின் கறுத்த கால்களைப் பார்த்ததும் நீ வெளியே வந்துவிட்டாய்.

அதன் பிறகுதான் டெய்ர் அல்-பஹ்ரி.

செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில் மூன்று அடுக்காக நிற்கும் ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலை நீ தூரத்தில் பார்த்துவிட்டு, "நேற்றுக் கட்டிய அரசு அலுவலகம் போல இருக்கிறது" என்றாய். ஏறக்குறைய 3,500 ஆண்டு வயதான கட்டடம். இரண்டாம் அடுக்கில், புன்ட் நாட்டுக்குக் கப்பல்கள் போய் வந்ததைச் செதுக்கிய மண்டபத்தில், வேரோடு கூடையில் தூக்கி வரும் தூப மரங்களை நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அவருடைய உச்சரிப்பு எனக்குப் பிடிபடாது என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். பாதிக்கு மேல் எனக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் நீ சொல்லிக் கேட்பது பிடித்திருந்ததால் நான் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

அந்தச் சுவரில் அரசியின் உருவம் இருந்த இடம் முழுவதும், அம்மி கொத்தியதுபோல், உளி பட்ட சின்னச் சின்னப் பள்ளங்களாக இருந்தது. ஆனால் கொத்தியவன் கோட்டைத் தாண்டாமல் கொத்தியிருந்தான். கிரீடத்தின் உச்சி, முன்னே நீட்டிய கை, எட்டு வைத்த கால் எல்லாம் பள்ளமாகிப் போன பிறகும் அவளுடைய வடிவத்திலேயே நின்றன. நீ கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அந்தக் கையின் விளிம்பை உன் விரலால் காற்றில் வரைந்து பார்த்தாய்.

வழிகாட்டி சொன்னார்: அவளுக்குப் பின் தனித்து ஆண்ட மூன்றாம் துட்மோஸின் காலத்தில் இது நடந்தது. அவன் அவளுடைய கணவனுக்கு இன்னொரு மனைவி வழியே பிறந்தவன். நெடுங்காலம் இதைப் பழிவாங்கல் என்றே அறிஞர்கள் எழுதினார்கள். ஆனால் அவள் இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகே உளி எடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு, வெறும் ஆத்திரம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. தன் மகன் அரியணை ஏறுவதற்கு எந்த இடையூறும் வேண்டாம் என்ற கணக்காக இருக்கலாம் என்கிறார்கள். பெயரும் மனிதரின் ஓர் உறுப்பு என்று அவர்கள் நம்பினார்கள்; பெயரை அழிப்பது இன்னொரு முறை கொல்வதைப் போன்றது.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நீ மொழிபெயர்க்கவில்லை. எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கண்ட பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் 1829இல் இந்தக் கோயிலுக்கு வந்தபோது, தாடி வைத்த அரசனாக அவளைச் செதுக்கியிருந்த உருவங்களுக்குப் பக்கத்தில் சொற்கள் பெண்பாலில் முடிவதைக் கண்டு குழம்பிப்போனார். பெயரை வெட்டியவர்கள், அதன் இடத்தில் வேறு அரசர்களின் பெயரைச் செதுக்கியவர்கள், விகுதியை எல்லா இடத்திலும் மாற்றவில்லை. "மகள்" என்றும் "அவள்" என்றும் பொருள் தரும் அந்தச் சின்னக் குறி ஆங்காங்கே தப்பிக் கிடந்தது. நீ பாதி வாக்கியத்தில் நிறுத்தினாய். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாய், குடிக்காமலே மறுபடி மூடினாய். என் முகத்தைப் பார்க்காமல், "அப்பாவின் பத்திரிகையிலும் 'மகள்கள்' என்றுதான் இருந்தது, இல்லையா?" என்றாய்.

2009இல் அப்பாவின் காரியப் பத்திரிகை. "மகள்கள்" என்ற தலைப்பு. அதன் கீழே என் பெயர் மட்டும். பதின்மூன்று ஆண்டுகளாக நீ அதைக் கையில் வைத்திருந்திருக்கிறாய் என்பதே எனக்கு அந்த வெயிலில்தான் தெரிந்தது.

அன்று நம் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர்களில் இருவர் இப்போது இல்லை; மற்றவர்களின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்; உன் திருமணத்தைப் பற்றி அன்று பேசியவற்றை இன்று யாரும் பேசுவதில்லை என்பதையாவது சொல்லிவிடுகிறேன். அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் உன் பெயர்தான் முதலில் இருந்தது. வெட்டச் சொன்னவர்கள் வேறு. வெட்டிய பேனா என்னுடையது. இது உனக்கு முன்பே தெரியும்.

உனக்குத் தெரியாதது இதுதான். அந்த மண்டபத்தில் நான் உன்னிடம், "உன் பெயரைத்தான் வெட்டச் சொன்னார்கள், 'கள்' என்பதை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன், என்னால் அன்று முடிந்தது அவ்வளவுதான்" என்று சொன்னேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். வழிகாட்டி நாகரிகமாக நகர்ந்துபோய்த் தூணருகே நின்றார். அது பொய், அக்கா. நான் விட்டுவைக்கவில்லை, கவனிக்கவில்லை. கட்டுக்கட்டாகப் பத்திரிகை வந்து இறங்கிய பிறகு, உறையில் போடும்போதுதான் அந்தப் பன்மையைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தோன்றியது, தமிழாசிரியை வீட்டுப் பத்திரிகையில் ஒருமை பன்மைப் பிழை என்று யாராவது சிரிப்பார்களே என்பதுதான். அதற்காகத்தான் அன்று வெட்கப்பட்டேன்.

நான் கோபத்தில் செய்யவில்லை என்றும் உன்னிடம் சொன்னேன். துட்மோஸுக்குக் கிடைத்த சலுகையை நானும் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன் போலும். "கோபத்தில் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்" என்று நீ சொன்னாய்.

அதன் பிறகு அந்த நாள் முழுவதும் நீ என்னிடம் காட்டிய கனிவு, இன்றுவரை எனக்கு முள்ளாக இருக்கிறது. மேம்னன் சிலைகளின் முன் காரைவிட்டு இறங்கினோமா என்றுகூட நினைவில்லை. அலபாஸ்டர் பட்டறையில் நான் தொட்டுப் பார்த்த கிண்ணத்தை, பேரம் பேசாமல் வாங்கி என் பையில் வைத்தாய். கர்னாக்கில், ஒரே மண்டபத்தில் நிற்கும் 134 தூண்களுக்கு நடுவே, கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஹட்ஷெப்சுட் நிறுத்திய, ஏறக்குறைய 30 மீட்டர் உயரமுள்ள கல் தூபியைச் சுற்றி அதே துட்மோஸ் சுவர் எழுப்பி மறைத்தான் என்றும், மறைத்த பகுதி அந்தச் சுவராலேயே சேதமில்லாமல் தப்பியது என்றும் வழிகாட்டி சொன்னபோது, நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தத் தூபியின் அடியில் அவளே எழுதி வைத்திருக்கிறாளாம்: பின்வரும் ஆண்டுகளில் இதைப் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று தன் நெஞ்சு இப்படியும் அப்படியும் அலைகிறது என்று. "பார்த்தாயா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது பேரரசிக்கும் இருந்திருக்கிறது" என்றாய். நீ சிரித்தது, என்னை மன்னித்துவிட்டாய் என்பதால். நீ மன்னித்தது அந்த ஒரு விகுதிக்காக.

உண்மையைச் சொன்னால் நானும் கணக்குச் சொல்லத்தான் தொடங்குகிறேன். இறந்துபோன மனைவிக்குக் கடிதம் எழுதிய ஒரு கணவனைப் பற்றி மதியச் சாப்பாட்டின்போது வழிகாட்டி சொன்னாரே, நினைவிருக்கிறதா? உனக்கு நான் என்ன தீங்கு செய்தேன், பதவி வந்தபோதும் உன்னைத் தள்ளிவைக்கவில்லையே, நீ நோயுற்றபோது வைத்தியரை அழைத்து வந்தேனே, உன்னைப் போர்த்த நல்ல துணி கொடுத்தேனே, மூன்று ஆண்டுகளாகத் தனியாகவே இருக்கிறேனே என்று பாப்பிரஸ் தாள் நிறைய ஒப்பித்தவன். நீ அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாய். எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் ரசீதை நீட்டுகிறானே என்று.

இப்போது என் ரசீது. அப்பாவின் கடைசி ஏழு மாதங்களும் அவருக்கு மலமும் மூத்திரமும் அள்ளியவள் நான். நீ வர முடியாமல் இருந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏழு மாதமும் ஒரே ஆளாக நான்தான் எழுந்து எழுந்து போனேன். அம்மாவுக்கு முடியாமல் போனபோது உன்னை யாரும் தடுக்கவில்லை. வந்தாய், ஒன்பது நாள் இருந்தாய், செவிலியரிடம் மருந்து அட்டையைச் சரிபார்த்தாய், என்னிடம் படுக்கைப் புண்ணைப் பற்றி நான்கு குறை சொன்னாய், விமானம் ஏறினாய். மாதாமாதம் பணம் வந்தது. பணம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைக்காது, அக்கா. பிறகு அம்மாவின் காரியப் பத்திரிகைக்கு உன் பெயரைக் கேட்டபோது, "இப்போது மட்டும் எதற்கு?" என்று ஒரு வரியில் மறுத்தாய். ஆகவே "மகள்" என்று ஒருமையிலேயே அச்சிட்டோம். அதில் எந்தப் பிழையும் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நான் வெட்டியது ஒருமுறை. நீயே வெட்டிக்கொண்டது இன்னொருமுறை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய், அந்த அலபாஸ்டர் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கைபேசி விளக்கைப் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. கடைக்காரர் காட்டியது போலவேதான். அம்மா அதில் பூஜைக்குப் பூ பறித்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம், "பெரியவள் வாங்கித் தந்தது" என்பாள். எல்லோரிடமும், கூடத்தில் வைத்தே, அப்படித்தான் சொன்னாள்.

இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. நினைவஞ்சலியில் "மகள்கள்" என்று போட்டு, முதலில் உன் பெயர், அதன் கீழே என் பெயர் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீ மறுத்தாலும் போடுவேன்; அதற்கும் கோபித்துக்கொள். ஆனால் ஒன்று மட்டும் தெரியாமல் பேனா நிற்கிறது. உன் பெயருக்கு முன்னால் அப்பாவின் முன்னெழுத்தா, அத்தானின் முன்னெழுத்தா? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்தவளில்லை நான். லக்சரில் நம் இருவரின் பாஸ்போர்ட்டும் உன் பையில்தான் இருந்தது. வியாழக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் பேச வேண்டாம். அந்த ஓர் எழுத்தை மட்டும் அத்தானின் எண்ணிலிருந்தாவது அனுப்பு.

உன் தங்கை