ஜூலை 5 அன்று ஸ்டேன் சுவாமியின் பெயரை வாசிக்க விடுங்கள்: தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக ஆயர் பேரவையின் மேதகு ஆயர் பெருமக்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

காவிரிக்கரைப் பங்கு ஒன்றில் இருபது வருடமாக ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்து வருகிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஆயர்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கடந்த 2025 ஜூலை 6 காலையில் எங்கள் கோயில் சக்ரீஸ்தில், அதாவது பூசைக்குக் குரு ஆயத்தமாகும் அறையில், நடந்தது இன்னும் நெஞ்சில் முள்ளாய்க் கிடப்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பூசையில் எல்லாருக்காகவும் வேண்டும் பொது மன்றாட்டை எழுதும் முறை, பங்கின் சிறு குடும்பக் குழுவான எங்கள் அன்பியத்துக்கு. முதல் நாள் அருள்தந்தை ஸ்டேன் சுவாமியின் நினைவு நாள் என்பதால் நாலாவது மன்றாட்டில், "பழங்குடி மக்களுக்காக உழைத்து, சிறைக்காவலில் உயிர்விட்ட அருள்தந்தை ஸ்டேன் சுவாமிக்காகவும்" என்று எழுதியிருந்தேன். பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பங்குத்தந்தை சீட்டை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்துப் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். "மறைந்த குருக்கள் அனைவருக்காகவும்னு வாசிச்சிடுங்க டீச்சர். பேரு வேண்டாம். யாராவது செல்போன்ல புடிச்சுப் போடுவாங்க. நாளைக்கு என்கிட்டதான் வந்து கேப்பாங்க" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கோடு போட்டது போட்டபடியே நான் வாசித்துவிட்டு இறங்கினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே இருக்கிறவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

ஸ்டேன் சுவாமி யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த நம் மண்ணின் பிள்ளை. இயேசு சபைத் துறவி. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் ஊரில் உள்ள பகைச்சா சமூக மையத்தில் இருந்துகொண்டு, விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் வரை போனவர். 2020 அக்டோபர் 8 அன்று மகாராஷ்டிரத்தில் 2018-ல் நடந்த கலவரம் தொடர்பான பீமா கோரேகான் வழக்கில், பயங்கரவாதத்துக்கு எதிரான உபா (UAPA) சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தபோது வயது 83.

சிறையில் அவர் கேட்ட தண்ணீர்க் குவளையைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள். என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருடம் பார்க்கின்சன் நோய். டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிடும். நனைந்த சட்டையைக் குனிந்து பார்ப்பார், பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று எங்களைப் பார்ப்பார். தாகம் எடுத்தாலும் கேட்க மாட்டார். மூடி போட்ட கப்பும் ஒரு ஸ்ட்ராவும் வாங்கி வந்த அன்றுதான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்.

அதே மாதிரிக் கப்பைத்தான் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தலோஜா சிறையில் ஸ்டேன் சுவாமி கேட்டார். 2020 நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை இருபது நாள் அவகாசம் கேட்டது. நவம்பர் 26 அன்று வந்து, அவருடைய கப்பையும் ஸ்ட்ராவையும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை என்றது. மறுபடி மனு, மறுபடி ஒரு தேதி, டிசம்பர் 4. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் கப்பும் ஸ்ட்ராவும் வாங்கி அஞ்சலில் அனுப்பினார்கள். சிறியோரில் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுப்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்னதைப் பூசையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது நாள்தான் நினைவுக்கு வருகிறது.

2021 மே மாதம் காணொளி வழியாகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தார். எட்டு மாதத்துக்கு முன்பு தானே சாப்பிட்டேன், நடந்தேன், குளித்தேன், ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். வேறு மருத்துவமனை வேண்டாம், என் மக்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்டார். ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நேரத்தில், அவர் இறந்துவிட்டார் என்று நீதிபதிகளிடம் சொன்னார்கள். 84 வயது. அவர்மீதான வழக்கில் விசாரணை தொடங்கவே இல்லை. அவருடைய கணினிக்குள் வெளியாட்கள் புகுந்து கோப்புகளை வைத்திருந்தார்கள் என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத ஒரு குருவின் பெயரைத்தான் எங்கள் சக்ரீஸ்தில் பேனாவால் அடித்தார்கள்.

ஆயர் பெருமக்களே, நான் கேட்பது சிறிய காரியம். இந்த 2026-ல் ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவர் இறந்து ஐந்து வருடம் முடிகிறது. அன்று தமிழ்நாட்டின் எல்லாப் பங்குகளிலும் பொது மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்லி வேண்ட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஊர்வலம் வேண்டாம், பேனர் வேண்டாம். பெயரை வாசித்தால் போதும்.

பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 2012-ல், கூடங்குளம் போராட்ட நேரத்தில், தூத்துக்குடி மறைமாவட்டத் தொண்டு அமைப்புகளின் வெளிநாட்டு நன்கொடைக் கணக்குகளை மத்திய அரசு முடக்கியதை நாம் பார்த்தோம். நன்கொடை உரிமம் போனால் விடுதிப் பிள்ளைகளின் சோறு போகும் என்று உங்களுக்குத் தூக்கம் வராத இரவுகள் இருக்கும். நானும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவள்தான். ஆனால் இந்தப் பயத்துக்கு எல்லை எது? கடந்த ஆகஸ்டில் மும்பையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி, ஒரு மாணவர் அமைப்பு எதிர்த்ததும் ஸ்டேன் சுவாமி நினைவுச் சொற்பொழிவையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், தருமபுரி மாவட்டத்தில் பட்டா நிலத்தில் அவர் நினைவாகக் கல்தூண் நட அதிகாரிகள் போட்ட தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கல்லில் செதுக்கலாம் என்று நீதிமன்றமே விட்டுவிட்ட பெயரைக் காகிதத்திலிருந்து வாசிக்க நாம் ஏன் நடுங்குகிறோம்?

2022 மே 15 அன்று பதினெட்டாம் நூற்றாண்டு மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்ட நாளில் உரோமையில் இருந்தவர்களும் உங்களில் உண்டு. எங்கள் ஊரிலும் பட்டாசு வெடித்தோம். அவர்மேல் அன்றைய திருவிதாங்கூர் அரசு சுமத்தியதும் ராஜத்துரோகப் பழிதான். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனபோது அவர் பெயரைச் சத்தமாகச் சொன்ன கிறிஸ்தவர்களும் இருந்திருப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர் சுடப்பட்டு 270 வருடம் கழித்துத்தான் நமக்குத் துணிச்சல் வந்தது. ஸ்டேன் சுவாமிக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

நம் நம்பிக்கை அறிக்கையைக் கவனியுங்கள். "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்கிறது. யார் அதிகாரத்தில் அநியாயம் நடந்தது என்பதையே பெயர் சொல்லி அறிக்கையிடுகிற திருச்சபை நம்முடையது. நான் எந்த அதிகாரியின் பெயரையும் கேட்கவில்லை. பாடுபட்டவரின் பெயரை மட்டும்தான் கேட்கிறேன்.

என் குரல் எங்காவது உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் கைதானபோது விடுதலை செய்யச் சொல்லிக் கேட்டது இந்திய ஆயர் பேரவை. அந்தக் குரல் எங்கள் பங்கு வரைக்கும் வந்து சேரட்டும் என்றுதான் வேண்டுகிறேன். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று நீங்கள் யாரும் உத்தரவு போடவில்லை என்றே நம்புகிறேன். சொல்லலாம் என்று எழுதிக் கொடுங்கள். இளம் குருக்களுக்கு அந்த ஒரு தாள் போதும். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

சுற்றறிக்கை ஜூன் கடைசி வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் உதவியாக இருக்கும். ஜூலை 5 அன்று எங்கள் கோயிலில் வாசிக்கும் முறை என்னுடையது. கோடு போட்ட அந்தச் சீட்டு என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதே மன்றாட்டைப் புதிய தாளில் எழுதிக்கொண்டு போவேன்.

பணிவுடன்,
காவிரிக்கரைப் பங்கு ஒன்றின் வாசகி