கலைப்பாடல் மாஸ்டர் கிளாஸ் நடத்துவோருக்கு: பியானோவுக்கும் பாதி நேரம் வேண்டும்

இசைக் கல்லூரிகளுக்கும் கோடைவிழாக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஜெர்மன் கலைப்பாடலுக்கு, அதாவது ‘லீட்’ வகைக்கு, நீங்கள் நடத்தும் மாஸ்டர் கிளாஸ்களில், அதாவது தேர்ந்த ஆசிரியர் மாணவர்களை மேடையிலேயே திருத்தும் வகுப்புகளில், பாடகரைப் போலவே பியானோ வாசிப்பவரையும் மாணவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இப்போது பல இடங்களில் பாடகர் மட்டும்தான் விண்ணப்பிக்கிறார். பியானோவில் நீங்களே ஒருவரை உட்கார வைக்கிறீர்கள்; வருகிற எல்லாப் பாடகர்களுக்கும் அவர் ஒருவர்தான். ஒத்திகைக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. “கொஞ்சம் மெதுவாக” என்பதைத் தவிர ஆசிரியர் அவரிடம் எதுவும் பேசுவதில்லை.

ஓபரா ஏரியா, அதாவது இசை நாடகத்தின் தனிப்பாடல், என்றால் இது ஓரளவு நடக்கும். அங்கே பியானோ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்று. லீடில் பியானோவின் பங்கு கவிதையோடு சேர்த்தே எழுதப்பட்டது. ஸ்டுட்கார்ட்டில் ஹூகோ வோல்ஃப் அகாடமி நடத்தும் லீட் போட்டியில் இருவரும் ஜோடியாகத்தான் கலந்துகொள்ள முடியும். போட்டியில் சாத்தியமானது வகுப்பில் மட்டும் ஏன் முடியாமல் போகிறது?

ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். ஷூபர்ட் 1814 அக்டோபரில், 17 வயதில், கெதேயின் வரிகளுக்கு இசையமைத்த ‘கிரெட்சென் அம் ஷ்பின்ராடே’; ராட்டையில் நூற்றபடி கிரெட்சென் தன் காதலனை நினைத்துப் பாடுவது. வலக்கையில் ராட்டைச் சக்கரம் சுழல்கிறது. இடக்கையில் மிதி தட்டுகிறது. வலக்கைக்கு ‘லெகாட்டோ’ (இழைத்து), இடக்கைக்கு ‘ஸ்டக்காட்டோ’ (விட்டுவிட்டு) என்று ஷூபர்ட்டே குறித்திருக்கிறார். ஒலியை நீட்டும் பெடலை முழுதாக அழுத்தி வைத்தால் அந்த ஸ்டக்காட்டோ கரைந்துபோகும்; சக்கரம் மட்டும் மிஞ்சும். அரைப் பெடல், அல்லது ஸ்வரக்கட்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறும் இடத்தில் மட்டும் ஒரு தொடுகை போதும்.

பிறகு காதலனுடைய முத்தம் அவள் நினைவுக்கு வரும் இடம். குரல் மேல் ‘ஜி’ ஸ்வரத்தில் நிற்க, சக்கரமும் மிதியும் நின்றுவிடுகின்றன. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் இங்கே பத்து நிமிடம் அந்த ‘ஜி’யைப் பற்றிப் பேசுவார்: தாடை, மூச்சு, உயிரெழுத்தின் வடிவம். அடுத்து வருவதுதான் பாடலிலேயே கடினமான இடம். ராட்டை தயங்கி, விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குகிறது. அப்போது பாடகர் பாடுவதில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது, முதல் தொடக்கம் எவ்வளவு மெல்லியது, எந்தச் சுற்றில் பழைய வேகம் வந்து சேர்கிறது என்பதெல்லாம் பியானோவின் முடிவு. அவசரப்பட்டால் முத்தம் பொய்யாகிவிடும். அடுத்த அடிக்கான மூச்சைப் பாடகர் எடுப்பதும் இந்த இடத்தை நம்பித்தான். இதை ஒருவரும் திருத்துவதில்லை, ஏனென்றால் வாசிப்பவர் மாணவராக அங்கே உட்காரவில்லை.

அடுத்தது மெய்யெழுத்துகள். ‘மைன் ஹெர்ட்ஸ் இஸ்ட் ஷ்வேர்’ என்ற அடியில் ‘ஷ்வ்’ தாளத்துக்கு முன்னே முடிந்துவிட வேண்டும். ‘ஏ’தான் பியானோவோடு சேர்ந்து விழ வேண்டும். ‘ஷ்’ஷைத் தாளத்தின் மேல் வைத்தால் உயிரெழுத்து தாமதமாகிறது, பியானோ முந்திவிட்டதாகக் காதுக்குப் படுகிறது. வாசிப்பவர் பணிந்து காத்திருப்பார். நாலு அடி போனதும் பாடலே தொய்ந்துவிடும். “வேகம் குறைகிறது” என்று பழி அவர்மேல் விழும். காரணம் பாடகரின் நாக்கில் இருக்கிறது. இருவரும் ஒன்றாக வரியைத் தாளத்தோடு பேசிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். (‘ஹெர்ட்ஸ்’ குறில், ‘ஷ்வேர்’ நெடில் என்பது தமிழ்க் காதுக்கு எளிது. ஆனால் ஜெர்மன் நெடில் ‘ஏ’, நம் ‘ஏ’யைவிட ‘ஈ’ பக்கம் சாய்ந்தது. நம்மவர்கள் வழுக்குவது அங்கேதான்.)

குரலுக்கேற்பப் பாடலை ஏற்றி இறக்கும் சுருதி மாற்றத்தைக் கடைசி நாள்வரை விட்டுவிடுவது இன்னொரு வம்பு. ஷூமன் 1840இல் எழுதிய ‘டிஷ்டர்லீபே’ என்ற பாடல் சுற்றின் (தொடர்ந்து பாடும் பாடல் வரிசை) முதல் பாடல் முடிவதே இல்லை, எஃப் ஷார்ப் மைனர் சுருதிக்குப் போக வேண்டிய, தீர்வு தேடும் ஏழாம் ஸ்வரக்கட்டில் தொங்கி நிற்கிறது. இரண்டாம் பாடல் அந்தத் தொங்கலிலிருந்துதான் ஏ மேஜருக்கு வழி கண்டுபிடிக்கிறது. குரலுக்கு வசதி என்று முதல் பாடலை மூன்று அரைச்சுருதியும் இரண்டாவதை இரண்டு அரைச்சுருதியும் இறக்கினால் இந்த இணைப்பு அறுந்துபோகும். இறக்குவதானால் இரண்டையும் ஒரே அளவில் இறக்குங்கள். முன்கூட்டியே தீர்க்க வேண்டியது இன்னொன்று: ஷூபர்ட்டின் ‘வின்டர்ரைஸ’ சுற்றில் வரும் ‘வாஸர்ஃப்ளூட்’ பாடலில், புள்ளிவைத்த (நெடியதும் குறியதுமான) தாளத்தின் கடைசிச் சிறு ஸ்வரம் மும்மையின் (ஒரு தட்டில் மூன்று ஸ்வரம்) கடைசி ஸ்வரத்தோடு சேர்ந்து விழுமா, பின்னால் விழுமா என்பது பழைய சண்டை. அதை ஜோடி வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு வரட்டும்.

மேடை ஏற்பாட்டில் இரண்டு விஷயம். பியானோ மூடியைச் சாத்திவிடாதீர்கள்: ஒலி மங்குகிறது, வாசிப்பவர் ஈடுகட்ட ஓங்கி அடிக்கிறார். மூடியைத் தாங்கும் குட்டைக் கோல் போதும். ஆசிரியர் இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டாம். பாடகரின் தோள் மூச்சில் எழுவதைப் பியானோவிலிருந்து பார்க்க முடியாமல் போகிறது. முன்வரிசையில் உட்காரட்டும், பேச வேண்டியபோது எழுந்து வரட்டும்.

நேரக் கணக்கு இப்படி இருக்கலாம்: ஒரு ஜோடிக்கு 45 நிமிடம், ஒரு நாளைக்கு நாலு ஜோடி, அதே பாடலோடு ஒருநாள் விட்டு இன்னொரு அமர்வு. ஆளுக்கு இருபது நிமிடம் என்று எட்டுப் பேரை அடைத்தால் பாராட்டும் ஒரு நகைச்சுவையும் தவிர எதற்கும் இடமில்லை. பின்னிசையையும் வெட்டாதீர்கள். ‘டிஷ்டர்லீபே’யின் கடைசிப் பாடலில் குரல் ஓய்ந்த பிறகு பியானோ தனியே நெடுநேரம் பேசுகிறது. பாடகர் கடைசிச் சொல்லை முடித்ததும் ஆசிரியர் “நன்று” என்று எழுந்தால் அந்தப் பாடல் சுற்றின் முடிவை வகுப்பில் யாருமே கேட்கவில்லை என்று பொருள்.

விண்ணப்பப் படிவத்தில் இருவர் பெயருக்கும் இடம் வையுங்கள். பாடலுக்குப் பாடல் எந்தச் சுருதி, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். கவிதையின் சொல்லுக்குச் சொல் பொருளை இருவரும் தனித்தனியே எழுதித் தரட்டும். இணையத்திலிருந்து ஒட்டியது வேண்டாம். சான்றிதழும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்த கோடைக்கான அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லீட் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும்